மருத்துவம் கற்றவர் செய்த துப்பாக்கி

அமெரிக்க ஐக்கிய நாட்டின் கனெக்டிகட் மாநிலத்தில், ஹார்ட்ஃபோர்டு என்னும் நகரில், நல்லாயன் பெயரால் 1869ஆம் ஆண்டு எழுப்பப்பட்ட ஓர் ஆலயம் இன்றும் நிற்கிறது. ஆங்கிலிக்கன் மரபைச் சார்ந்த ஆலயம் அது. அதன் வாயில்களுள் ஒன்றுக்குப் படைக்கலத் தொழிலாளர் வாயில் என்று பெயர். அவ்வாயிலின் கல் வேலைப்பாட்டைத் தொலைவிலிருந்து காண்போர் வழக்கமான கொடியும் இலையும் என்றே எண்ணக்கூடும். அருகில் சென்று நோக்கினால், செதுக்கப்பட்டிருப்பவை கைத்துப்பாக்கிகளும் அவற்றின் உறுப்புகளும் என்பது விளங்கும். அவை சிலுவை வடிவங்களோடு பிணைந்து கிடக்கின்றன. காணாமற்போன ஆட்டைத் தோள்மேல் சுமந்துவரும் ஆயனின் இல்லத்துக்குள், தொழிலாளர் குடும்பங்கள் துப்பாக்கியின் நிழலில் நடந்தே நுழைந்தன.

இவ்வாலயத்தைக் கட்டியவர் எலிசபெத் கோல்ட் அம்மையார். மக்கள் வழக்கில் ரிவால்வர் எனப்படும் சுழல் கைத்துப்பாக்கியை உலகச் சந்தைக்குக் கொண்டுவந்த சாமுவேல் கோல்ட்டின் துணைவியார். கணவர் 1862ஆம் ஆண்டு சனவரியில் தம் 47ஆம் வயதில் இறந்தார். மழலையிலேயே மாண்டுபோன குழந்தைகளும் உண்டு. அவர்கள் நினைவாகவும், கணவரின் ஆலைத் தொழிலாளர்கள் வழிபடுவதற்காகவும் அம்மையார் இதனை எழுப்பினார்.

இதனை இறை நிந்தை என்று ஒரே சொல்லில் ஒதுக்கிவிடலாம். நாம் அவ்வாறு ஒதுக்கத் துணியவில்லை. கணவரையும் பிள்ளைகளையும் பறிகொடுத்த ஒரு பெண், தம் இல்லத்துக்குச் சோறு போட்ட தொழிலைக் கடவுளுக்கு மறைக்காமல் கோவில் வாயிலிலேயே கொண்டுவந்து வைத்தார். அதில் ஒரு நேர்மை இருக்கிறது. ஆயினும் அந்தக் கல்வாயில் நம்மிடம் ஒரு கேள்வியை எழுப்பாமல் இல்லை. படைக்கலம் செய்தவர்கள் தம் தொழிலைப் பற்றித் தமக்குத்தாமே என்ன சொல்லிக்கொண்டார்கள்? அமெரிக்கத் துப்பாக்கிகளின் வரலாற்றை எழுதுவோர் குழலின் நீளத்தையும் தோட்டாவின் பருமனையும் நிரம்பப் பேசுவர். நாம் இங்கே பேச விரும்புவது அவற்றைச் செய்த மனிதரின் மனச்சான்றைப் பற்றியே.

தொடக்க நூலின் நான்காம் அதிகாரம் இதற்கு ஒரு பழைய முன்னுரை போல் அமைந்துள்ளது. காயினின் வழிமரபில் வந்த தூபால்காயின் வெண்கலத்தாலும் இரும்பாலும் கருவிகள் செய்தவன் என்று கூறிய கையோடு, அவன் தந்தை இலாமேக்கு எழுபத்தேழு மடங்கு பழிவாங்குவேன் என்று தன் மனைவியரிடம் பெருமை பேசியதை அந்நூல் கூறுகிறது. மகனுடைய கொல்லுலைக்கும் தந்தையுடைய வீறாப்புக்கும் இடையில் ஒரே ஒரு வசனத்தின் தொலைவுதான்.

அமெரிக்காவில் இந்தக் கொல்லுலை தொழிற்சாலையாக மாறியது 18ஆம் நூற்றாண்டின் இறுதியில். எலி விட்னி என்பவர் 1794இல் பருத்தியிலிருந்து கொட்டையைப் பிரிக்கும் பொறிக்குக் காப்புரிமை பெற்றவர். 1798இல் அவர் அரசுக்கு 10,000 துப்பாக்கிகளை இரண்டே ஆண்டுகளில் செய்து தருவதாக ஒப்பந்தம் செய்தார். முடிக்க 1809 வரை ஆயிற்று! ஒரு துப்பாக்கியின் உறுப்பு இன்னொன்றுக்கும் பொருந்தும்படி எல்லாவற்றையும் ஒரே அளவில் செய்வேன் என்று அவர் சொன்னதைப் பாடநூல்கள் நெடுங்காலம் புகழ்ந்தன. பிற்கால ஆய்வாளர்கள் அவருடைய துப்பாக்கிகளைப் பிரித்துப் பார்த்தபோது அவை அவ்வாறு பொருந்தவில்லை. அந்தக் கனவை உண்மையில் நனவாக்கியவர்கள், ஹார்ப்பர்ஸ் ஃபெரியில் உழைத்த ஜான் ஹால் போன்றவர்களும், ஸ்பிரிங்ஃபீல்டு அரசுப் படைக்கலச் சாலையின் தொழில் வல்லுநர்களுமே.

விட்னியைப் பற்றி மேலும் ஒன்று சொல்ல வேண்டும். அவருடைய பருத்திப் பொறி எவரையும் சுடவில்லை. ஆயினும் அது பருத்தி வேளாண்மையைக் கொழிக்கச் செய்து, தெற்கு மாநிலங்களில் அடிமை முறையை வேரூன்ற வைத்தது. 1790இல் சுமார் 7 இலட்சமாக இருந்த அடிமைகளின் தொகை 1860இல் ஏறத்தாழ 40 இலட்சமாயிற்று. துப்பாக்கி மட்டுமே மனிதனை அழிக்கும் என்று எண்ணுவோர் இதனையும் எண்ணிப் பார்ப்பது நன்று.

சாமுவேல் கோல்ட் 1814இல் ஹார்ட்ஃபோர்டில் பிறந்தவர். பதினாறு வயதில் பாஸ்டன் துறைமுகத்திலிருந்து கொல்கத்தாவுக்குச் சென்ற கப்பலில் மாலுமியாகச் சேர்ந்தார். அப்பயணத்தில்தான் சுழல் உருளையின் மாதிரியை மரத்தில் செதுக்கினார் என்று கூறப்படுகிறது. ஊர் திரும்பியபின், சிரிப்பூட்டும் வாயுவை மக்களுக்கு முகரக் கொடுத்துக் காசு சேர்த்தபோது, தம்மை நியூயார்க்கும் இலண்டனும் கொல்கத்தாவும் அறிந்த டாக்டர் என்று விளம்பரம் செய்துகொண்டார். நம் நாட்டுத் தலைநகர் ஒன்று, அவர் கண்ட சிறு பொழுதுக்கு ஈடாக, அவருக்குப் பொய்ப் பட்டம் ஒன்றைத் தந்தது போலும்! 1836இல் காப்புரிமை பெற்று நியூ ஜெர்சியின் பேட்டர்சனில் தொடங்கிய ஆலை 1842இல் மூடப்பட்டது. மெக்சிகோவுடன் மூண்ட போரே அவரை மீட்டது. 1847இல் அரசு 1,000 துப்பாக்கிகள் கேட்டது. 1855இல் ஹார்ட்ஃபோர்டில் ஆற்றங்கரையில் பேராலை எழுந்தது. உள்நாட்டுப் போர் மூளவிருந்த நாள்கள் வரை வடக்குக்கும் விற்றார், தெற்குக்கும் விற்றார். அதற்காக நாளேடுகள் அவரைச் சாடின. அவர் கலங்கியதாகத் தெரியவில்லை.

கோல்ட் ஆலை 1873இல் வெளியிட்ட கைத்துப்பாக்கிக்குப் பீஸ்மேக்கர் என்ற பெயர் நிலைத்தது. மலைப்பொழிவில் நம் ஆண்டவர் பேறுபெற்றோர் என்று போற்றுகின்ற 'அமைதி ஏற்படுத்துவோர்' என்பதற்கு ஆங்கில விவிலியம் ஆளும் சொல் அதுவே. அச்சத்தால் விளையும் அமைதியும் அமைதிதான் என்ற எண்ணம் அப்பெயரில் ஒளிந்திருக்கிறது. அந்த எண்ணத்தை முழு மனத்தோடு நம்பியவர் ஒருவர் உண்டு. அவரைப் பற்றிச் சற்று விரிவாகவே பேச விரும்புகிறோம்.

ரிச்சர்ட் ஜோர்டன் காட்லிங் 1818இல் வட கரோலினா மாநிலத்தில், பருத்தித் தோட்டம் வைத்திருந்த குடும்பத்தில் பிறந்தார். தந்தையும் புதுக் கருவிகள் செய்வதில் நாட்டமுள்ளவர். இளைஞராக இருந்தபோது கப்பலை உந்தும் சுழல் விசிறி ஒன்றை வடிவமைத்துத் தலைநகருக்குச் சென்ற காட்லிங், வேறொருவர் சில மாதங்களுக்கு முன்பே அதற்குக் காப்புரிமை பெற்றுவிட்டதைக் கண்டு வெறுங்கையோடு திரும்பினார். பின்னர் மேற்கே செயின்ட் லூயி நகருக்குச் சென்று, விதைகளை ஒரே சீராக வரிசையில் இடும் விதைப்புப் பொறியைச் செய்து விற்றார். மேலே ஒரு தொட்டி. அதிலிருந்து விதை தன் எடையால் கீழிறங்கும். பொறி அதனை ஒவ்வொன்றாக நிலத்துக்கு அனுப்பும். அவருக்குப் பெயரும் பொருளும் ஈட்டித் தந்தது இதுவே.

1840களின் நடுவில் ஒரு குளிர்காலத்தில் அவர் சென்ற நீராவிப் படகு, ஆறு உறைந்துபோனதால் வழியிலே நின்றுவிட்டது. அவ்வேளை அவருக்குப் பெரியம்மை கண்டது. மருத்துவர் துணையின்றி அவர் பட்ட பாடு, மருத்துவம் கற்க வேண்டும் என்ற உறுதியை அவருக்குத் தந்தது. ஒஹையோ மருத்துவக் கல்லூரியில் பயின்று 1850இல் பட்டமும் பெற்றார். ஆனால் மருத்துவத் தொழில் நடத்தவில்லை. மக்கள் அவரை டாக்டர் என்று அழைத்ததோடு சரி. 1854இல் இண்டியானாபோலிஸ் நகரத்து மருத்துவர் ஒருவரின் மகளை மணந்து அங்கே குடியேறினார். அவர் மனைவியின் மூத்த சகோதரி, அம்மாநிலத்தின் ஆளுநராயிருந்த டேவிட் வாலஸின் துணைவியார். அந்த ஆளுநரின் மூத்த தாரத்து மகனே பிற்காலத்தில் பென்ஹர் புதினத்தை எழுதிய லூ வாலஸ். பென்ஹர் திரைப்படத்தைப் பங்கு வளாகத்தில் திரை கட்டிப் பார்த்த வாசகர்களுக்கு இவ்வுறவு வியப்பளிக்கலாம்.

1861இல் உள்நாட்டுப் போர் மூண்டது. இண்டியானாபோலிஸ் தொடர்வண்டி நிலையத்திலிருந்து நாள்தோறும் படைவீரர்கள் புறப்பட்டுச் சென்றனர். அதே நிலையத்துக்குக் காயம்பட்டோரும் நோயாளிகளும் சவப்பெட்டிகளும் திரும்பி வந்தன. காட்லிங் இதனைக் கண்டார். 1877இல் எழுதிய கடிதமொன்றில் அவரே இதனை நினைவுகூர்கிறார். மாண்டவர்களில் பெரும்பாலோர் குண்டு பட்டு இறக்கவில்லை, படை முகாம்களில் பரவிய நோயால் இறந்தனர் என்பது அவர் நெஞ்சைத் தொட்டது. நூறு வீரர்களின் வேலையை ஒருவனே செய்யத்தக்க விரைவுடைய துப்பாக்கி ஒன்று இருந்தால், பெரும்படை திரட்டும் தேவை குறையும், போருக்கும் நோய்க்கும் ஆளாவோர் தொகையும் குறையும் என்று அவர் எண்ணினாராம். துப்பாக்கி செய்யத் தொடங்கியதற்கு அவர் காட்டும் காரணம் இதுவே.

1862 நவம்பர் 4ஆம் நாள் அவருக்குக் காப்புரிமை கிடைத்தது. ஓர் அச்சைச் சுற்றி ஆறு குழல்கள். பின்புறம் ஒரு கைப்பிடி. கிணற்று உருளையைச் சுற்றுவதுபோல் அதனைச் சுற்றினால், குழல்கள் ஒவ்வொன்றாகச் சுழன்று வந்து தோட்டாவைப் பெற்று, வெடித்து, வெற்றுக் கூட்டைக் கீழே தள்ளும். மேலேயுள்ள தொட்டியிலிருந்து தோட்டாக்கள் தம் எடையாலேயே இறங்கும். நிமிடத்துக்குச் சுமார் 200 குண்டுகள். விதைப்புப் பொறியின் தொட்டி இங்கே இடம் மாறி அமர்ந்திருப்பதை வாசகர் தாமே உணர்வர். விதைப்பவர் உவமையில் விதை நான்கு வகை நிலங்களில் விழுகிறது. இந்தத் தொட்டியிலிருந்து புறப்பட்டது எந்த நிலத்தையும் பார்க்கவில்லை.

காட்லிங் பொய் சொன்னார் என்று நாம் கருதவில்லை. பதினைந்து ஆண்டுகள் கழித்து, விற்பனை சூடு பிடித்திருந்த வேளையில் எழுதிய கடிதம் என்பதால் ஐயுறுவோர் உண்டு. அந்த ஐயத்துக்கும் இடமுண்டுதான். ஆனால் அவர் கண்டது மெய். அப்போரில் இறந்தவர்களாக வழக்கமாகச் சொல்லப்படும் 6,20,000 பேரில் ஏறத்தாழ மூவரில் இருவரைக் கொன்றது நோயே. வயிற்றுப்போக்கு, குடற்காய்ச்சல், நுரையீரல் அழற்சி, தட்டம்மை ஆகியவை. நோயின் பெயரைச் சரியாகச் சொன்ன மருத்துவர், மருந்தைத் தவறாக எழுதினார். நம்மை உறுத்துவது அந்த இடந்தான்.

ஏனெனில் அதே ஊரில், அதே ஆண்டில், அதே தொடர்வண்டிகளில் வந்து இறங்கிய அதே நோயாளிகளைக் கண்டவர்கள் வேறு சிலரும் உண்டு. இண்டியானா மாநிலத்தின் செயின்ட் மேரி ஆஃப் தி வுட்ஸ் என்னுமிடத்தில் இறைபராமரிப்புச் சகோதரிகளின் சபை 1840இல் தொடங்கப்பட்டது. அதனை நிறுவியவர் பிரான்சு நாட்டிலிருந்து வந்த அன்னை தியோடர் கெரான். 2006இல் புனிதர் நிலைக்கு உயர்த்தப்பட்டவர். போர் மூண்டபோது அன்னை இறந்து ஐந்து ஆண்டுகள் ஆகியிருந்தன. சகோதரிகளோ பள்ளி நடத்தி வந்தவர்கள். ஆளுநர் ஆலிவர் மார்ட்டன் 1861இல் அவர்களை அழைத்து, இண்டியானாபோலிஸ் நகர மருத்துவமனையில் படைவீரர்களைப் பேணும் பொறுப்பை ஒப்படைத்தார். அவர்கள் செய்தது என்ன? தரையைக் கழுவினர். படுக்கை விரிப்புகளைத் துவைத்தனர். கஞ்சி காய்ச்சிப் புகட்டினர். இறப்பவர் அருகில் அமர்ந்தனர். அதே ஆண்டு சூன் மாதத்தில் அரசின் இசைவோடு தொடங்கிய சுகாதார ஆணையம், முகாம்களில் கழிவிடங்களையும் குடிநீரையும் ஒழுங்குபடுத்தப் போராடியது. 20ஆம் நூற்றாண்டில் படை முகாம்களின் நோய்ச்சாவு குறைந்ததற்குத் தூய நீரும் தடுப்பூசியும் நல்ல கழிப்பிடமுமே காரணம். துப்பாக்கியின் விரைவு அதில் ஓர் உயிரையும் காக்கவில்லை.

சகோதரிகளை அழைத்த அதே ஆளுநர் மார்ட்டன், 1862இல் காட்லிங்கின் துப்பாக்கியையும் பார்வையிட்டு, நடுவண் அரசுக்குப் பரிந்துரைக் கடிதம் எழுதினார். ஒரே மேசையிலிருந்து இரு மடல்கள். இதற்காக ஆளுநரைப் பழிக்க நமக்கு மனம் வரவில்லை. நாட்டைக் காக்கும் கடமை அவருக்கு இருந்தது. நேரிய தற்காப்புக்குப் படைக்கலம் ஏந்துவதைத் திருச்சபை விலக்கியதுமில்லை. அடிமை முறையை ஒழித்த போர் அது என்பதையும் நாம் மறத்தலாகாது.

காட்லிங்கின் கணக்கு எங்கே பிழைத்தது? ஒருவன் நூறு பேரின் வேலையைச் செய்தால் மற்றத் தொண்ணூற்றொன்பது பேரையும் தளபதி வீட்டுக்கு அனுப்பிவிடுவான் என்று அவர் நம்பினார். பத்துப் பேர் நெய்வதை ஒரு தறி நெய்தால், முதலாளி பத்துத் தறிகளை வாங்குவான் என்பது நம் ஊர் நெசவாளருக்குத் தெரியும். படைத்தலைவனும் அப்படியே. மனித நெஞ்சத்தின் வீழ்ச்சியைக் கணக்கில் கொள்ளாத கணக்கு அது. பிறப்புநிலைப் பாவம் என்னும் போதனை ஏட்டுச் சுரைக்காய் என்று நினைப்போருக்கு, இயந்திரத் துப்பாக்கியின் வரலாற்றைப் படிக்கத் தரலாம்.

நோக்கம் நல்லது, எனவே செயலும் நல்லது என்ற சொல் ஒப்புரவு அருட்சாதனத்தில் நாம் அடிக்கடி கேட்பது. "நல்லதுக்குத்தான் செய்தேன், சாமி" என்பர். செய்யப்படும் செயல் எது, செய்பவரின் நோக்கம் எது, சூழ்நிலை எது என்ற மூன்றையும் சேர்த்தே நம் அறநெறி இறையியல் எடை போடுகிறது. 1992இல் வெளிவந்த கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வியும் இதனையே வலியுறுத்துகிறது. காட்லிங்கின் நோக்கம் தூயதாகவே இருக்கட்டும். அவர் கையிலிருந்து வெளிப்பட்ட பொருள், ஒருவன் நூறு பேரைக் கொல்வதற்கென்றே செய்யப்பட்டது. உயிர் காத்தல் அதிலிருந்து பின்னர் விளையும் என்ற எதிர்பார்ப்பு மட்டுமே இருந்தது.

1866இல் அமெரிக்கப் படை அதனை ஏற்றது. கோல்ட் ஆலையிலேயே அது உருவாக்கப்பட்டது. ஆகவே நாம் தொடக்கத்தில் கண்ட அந்தக் கோவில் வாயிலில் நுழைந்த தொழிலாளரே இதனையும் வார்த்தெடுத்தவர்கள். 1879இல் உலுண்டியில் சூலு மக்களுக்கு எதிராகப் பிரித்தானியர் இதனைப் பயன்படுத்தினர். 1893இல் காட்லிங் மின்விசை பூட்டி நிமிடத்துக்கு 3,000 குண்டுகள் என்ற அளவுக்கு அதனை உயர்த்தினார். அப்போது அவருக்கு வயது 75.

அவரைத் தொடர்ந்தவர்களைச் சுருக்கமாகவே சொல்வோம். மெயின் மாநிலத்தில் 1840இல் பிறந்து இலண்டனில் குடியேறிய ஹைரம் மாக்சிம், கைப்பிடியே தேவையில்லாத துப்பாக்கியை 1884இல் செய்தார். சுடும்போது துப்பாக்கி தோளைப் பின்னுக்குத் தள்ளுமே, அந்த உதைப்பு விசையே அடுத்த தோட்டாவை ஏற்றிச் சுட்டது. உயிர் காக்கும் நோக்கம் என்று அவர் எதுவும் பேசவில்லை. ஐரோப்பியர் ஒருவரையொருவர் விரைவாகக் கழுத்தறுத்துக்கொள்ள ஏதாவது செய்தால் பணம் கொழிக்கும் என்று வியன்னாவில் ஒரு நண்பர் அறிவுரை கூறினாராம். அதனை அவரே மகிழ்ச்சியோடு சொல்லி வந்தார். 1898இல் சூடானின் ஓம்டுர்மானில் அவருடைய துப்பாக்கிகளும் பீரங்கிகளும் முழங்கிய ஒரே காலைப் பொழுதில் சூடானியர் சுமார் 10,000 பேர் மாண்டனர். எதிர்த் தரப்பில் இறந்தவர் 50க்கும் குறைவு. முதிய வயதில் மார்ச்சளி நோயால் வருந்திய மாக்சிம், மூச்சிழுக்க உதவும் கருவி ஒன்றைச் செய்து விற்றார். அறிவியலறிஞர் இப்படி நாட்டு மருந்து விற்கலாமா என்று நண்பர்கள் நகைத்தனர். மனிதரைக் கொல்லும் பொறி செய்தால் பெருமை, மனிதத் துன்பத்தைக் குறைக்கும் பொறி செய்தால் இழிவு போலும் என்று அவர் கசப்போடு எழுதினார். கிறித்தவ மறைபரப்பாளர்களை எள்ளி நகையாடிய அந்த மனிதரின் வாயிலிருந்து வந்த இச்சொல்லை, நாம் மறையுரையில் எடுத்தாள்வதற்குக் கூசத் தேவையில்லை. அவர் 1916 நவம்பர் 24ஆம் நாள் இறந்தார். அதற்கு ஆறு நாள்களுக்கு முன்புதான் சோம் ஆற்றுப் போர் ஓய்ந்திருந்தது. அப்போரின் முதல் நாளில் மட்டும், சூலை முதல் தேதி, பிரித்தானியப் படையினர் 19,240 பேர் இறந்தனர். அவர்களுள் பெருந்தொகையினரை வீழ்த்திய செருமானியத் துப்பாக்கி, மாக்சிமின் அமைப்பைத் தழுவியது.

ஜான் மோசஸ் பிரௌனிங் வேறு வார்ப்பு. 1855இல் யூட்டாவில், மார்மோன் சமயத்தைச் சார்ந்த துப்பாக்கிக் கொல்லரின் மகனாகப் பிறந்தார். 1887 முதல் 1889 வரை தம் பட்டறையை விட்டுவிட்டு ஜார்ஜியா மாநிலத்தில் தம் சமயத்தைப் பரப்பச் சென்றார். 128 காப்புரிமைகள் பெற்றார். முதல் உலகப் போரின்போது, உரிமைத் தொகையாக வரவிருந்த பெருஞ்செல்வத்தை விட்டுக்கொடுத்து, சிறு தொகைக்கே தம் துப்பாக்கிகளை அரசுக்குத் தந்தார். நேர்மையாளர், எளியவர், உழைப்பாளி. 1914 சூன் 28 அன்று சாராயேவோவில் ஆஸ்திரிய இளவரசரையும் அவர் மனைவியையும் கொன்ற கைத்துப்பாக்கி, பெல்ஜிய நாட்டு ஆலை செய்த பிரௌனிங் வடிவமைப்பு. தீயவர் கையால் மட்டுமே தீமை உருவாகிறது என்றால் உலகம் எவ்வளவு எளிதாக இருக்கும்!

படைக்கலம் உழுபடையாகும் என்று எசாயா கண்ட காட்சி அமெரிக்க ஆலைகளில் ஓரளவு நிறைவேறியதாகவே முதலில் தோன்றும். துப்பாக்கி உறுப்புகளைத் துல்லியமாகக் கடைந்த பொறிகளே பின்னர் தையற்பொறிக்கும் மிதிவண்டிக்கும் வழி திறந்தன. 1816இல் துப்பாக்கிக் குழல் செய்யத் தொடங்கிய ரெமிங்டன் குடும்பத்தின் ஆலையிலிருந்தே 1870களில் தட்டச்சுப் பொறி வெளிவந்தது. நம் சிற்றூர்த் தட்டச்சுப் பயிலகங்களில் ஆயிரக்கணக்கான இளைஞருக்கும் பெண்களுக்கும் வேலை தேடித் தந்த பெயர் அது. ஆனால் காலம் திரும்பிற்று. இரண்டாம் உலகப் போரில், தட்டச்சுப் பொறி செய்துவந்த ரெமிங்டன் ராண்டு நிறுவனம், பிரௌனிங் வடிவமைத்த கைத்துப்பாக்கிகளை 8 இலட்சத்துக்கும் மேலாகச் செய்து கொடுத்தது. கொழுவை வாளாக அடிக்கச் சொல்லும் வசனமும் விவிலியத்தில் உண்டு. யோவேல் நூலில் இருக்கிறது. நாம் அதனை அவ்வளவாக வாசிப்பதில்லை.

இவர்களில் எவரும் துயருற்றதில்லையா? ஜான் தாம்சன் என்ற படை அதிகாரி, முதல் உலகப் போரின் பதுங்குகுழிகளுக்கென எண்ணிய சிறு இயந்திரத் துப்பாக்கி, போர் முடிந்தபின்னரே சந்தைக்கு வந்தது. 1921இல் கோல்ட் ஆலை 15,000 துப்பாக்கிகளைச் செய்தது. வாங்கியவர்களுள் கொள்ளைக் கூட்டத்தாரும் இருந்தனர். 1929 பிப்ரவரி 14 அன்று சிக்காகோவில் ஏழு பேர் சுவரோரம் நிறுத்திச் சுடப்பட்டனர். தாம்சன் இறப்பதற்கு முந்தைய ஆண்டு, 1939இல், தம் பழைய உடனுழைப்பாளர் ஒருவருக்கு எழுதியபோது, தம் துப்பாக்கியைத் தீயோர் கைக்கொண்டது தம்மை வருத்தியதாகவும், இனி உயிரைக் காப்பதில் மனம் செலுத்த விரும்புவதாகவும் குறிப்பிட்டார்.

வின்செஸ்டர் குடும்பத்தின் மருமகள் சேராவைப் பற்றிய கதையைப் பலர் கேட்டிருப்பர். ஒரே மகளைக் குழந்தையிலும் கணவரை 1881இலும் இழந்த அவர், கலிபோர்னியாவின் சான் ஹோசேயில் ஒரு வீட்டை வாங்கி, 1922இல் இறக்கும்வரை விரிவுபடுத்திக்கொண்டே இருந்தார். வின்செஸ்டர் துப்பாக்கியால் மாண்டோரின் ஆவிகள் அவரைத் துரத்தியதாகவும், அவற்றை ஏமாற்றவே எங்கும் செல்லாத படிக்கட்டுகளைக் கட்டியதாகவும் கதை பரவியது. வரலாற்று ஆய்வாளர்கள் தேடிப் பார்த்து, அதற்கு ஆதாரமில்லை என்கின்றனர். கட்டடக்கலையில் நாட்டமுள்ள, தனிமை விரும்பிய ஒரு கைம்பெண் அவர். இக்கதையை மக்கள் ஏன் இவ்வளவு விரும்பினர்? செய்தவர்கள் எவரும் உறக்கம் இழந்ததாகத் தெரியவில்லை. எங்கோ, எவரோ ஒருவராவது உறக்கம் இழந்திருக்க வேண்டும் என்று மக்கள் நெஞ்சம் கேட்டது. அந்தச் சுமையைத் துப்பாக்கியே செய்யாத ஒரு பெண்ணின் தலையில் ஏற்றி வைத்தார்கள்.

இவ்வாறெல்லாம் எழுதும் நாம் நம் சொந்த வீட்டையும் பார்க்கவேண்டும். 1139இல் கூடிய இரண்டாம் இலாத்தரன் பொதுச்சங்கம், வில்லாளிகளின் கொடிய கலையைத் தண்டனை அச்சுறுத்தலோடு தடை செய்தது. ஆனால் கிறித்தவருக்கு எதிராகப் பயன்படுத்துவதைத்தான் தடை செய்தது. பிறர்மேல் எய்வதைப் பற்றி அங்கே பேச்சில்லை. 1718இல் இங்கிலாந்தில் ஜேம்ஸ் பக்கிள் என்பவர் காப்புரிமை பெற்ற சுழல் துப்பாக்கிக்கு இருவகைக் குண்டுகள் இருந்தன: கிறித்தவருக்கு உருண்டை, துருக்கியருக்குச் சதுரம்! நகைப்புக்குரியதுதான். ஆயினும் இலாத்தரன் விதியின் பேரப்பிள்ளை அது. 1963இல் திருத்தந்தை இருபத்து மூன்றாம் யோவானின் 'அவனியில் அமைதி', 1965இல் வத்திக்கான் சங்கத்தின் 'இன்றைய உலகில் திருச்சபை' ஆகிய ஏடுகள் படைக்கலப் போட்டியை மனித குலத்தின்மேல் விழுந்த பெருங்கேடாக எடுத்துரைத்தபோதுதான், அந்தப் பழைய வேற்றுமை நம் போதனையிலிருந்து முற்றும் மறைந்தது. 2015 செப்டம்பரில் திருத்தந்தை பிரான்சிஸ் அமெரிக்க நாடாளுமன்றத்தில் நின்று, படைக்கல விற்பனையில் வரும் பணம் மாசற்றோரின் இரத்தத்தில் தோய்ந்தது என்று உரைத்தார். கோல்ட்டின் நாட்டிலேயே, அதன் சட்டம் இயற்றுவோர் முகம் பார்த்துச் சொன்னார்.

காட்லிங் தம் இறுதி ஆண்டுகளில் மீண்டும் செயின்ட் லூயிக்குச் சென்றார். எண்பது வயதைக் கடந்திருந்த அவர் அங்கே செய்ய முயன்றது, எண்ணெயால் இயங்கும் கலப்பை ஒன்றை. அது நிறைவு பெறுமுன்னரே, 1903 பிப்ரவரி 26 அன்று நியூயார்க்கில் மகள் வீட்டில் இறந்தார். அவருடைய உடலை இண்டியானாபோலிஸுக்குக் கொண்டுவந்து கிரௌன் ஹில் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்தனர். அதே தோட்டத்தின் ஒரு பகுதியில், உள்நாட்டுப் போரின்போது அந்நகர மருத்துவமனைகளில் மாண்டு, 1866இல் பழைய இடுகாட்டிலிருந்து எடுத்துவரப்பட்ட படைவீரர்கள் 700க்கும் மேற்பட்டோர் வரிசையாகக் கிடக்கின்றனர். அவர்களுள் பலரைக் கடைசி நாளில் கழுவித் துடைத்தவர்கள் அந்தச் சகோதரிகள்.